1939: ஒரு சிவப்புப் புரதம், ஒரு பேச்சு, ஒரு சட்டம்

ஓஎல் வரலாற்றுப் புத்தகத்தில் 1939 என்றால் ஒரே ஒரு விசயம்தான். ஹிட்லரின் படை போலந்துக்குள் போனது, இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. பாடமாக்கினோம், எழுதினோம், மறந்தும் போனோம். அதே ஆண்டில் போரோடு சம்பந்தமில்லாத வேறு மூன்று விசயங்களும் நடந்தன. கொப்பன்ஹேகனில் இரண்டு ஆய்வாளர்கள் பாலுக்குள் சிவப்பு நிறமான ஒரு புரதம் இருப்பதைப் பற்றி எழுதினார்கள். சிங்கப்பூரில் ஒரு பெண் டொக்டர் ரோட்டரிக் கழகக் கூட்டத்தில் எழும்பி, ரின்பாலைப் பற்றிப் பேசி, இருந்தவர்களைத் திடுக்கிட வைத்தார். கொழும்பில் அரசாங்க சபை, சம்பளத்துக்கு வேலை செய்கிற பெண்களுக்காக ஒரு பிரசவச் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்த மூன்று பகுதியினருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் வருகிறது. பிறந்த பிள்ளை முதல் ஆறு மாதம் என்ன குடிக்கிறது, அதைத் தீர்மானிக்கிறது ஆர்? இந்தக் கேள்வியை மருதனார்மடத்தில் நின்றுகொண்டு கேட்டுப் பார்க்கலாம். இணுவிலும் மானிப்பாயும் சுன்னாகமும் சுற்றிவர இருக்கிற இந்த இடத்தில், பாலின் வரலாறு கொஞ்சம் அடர்த்தியாகவே கிடக்கிறது.

கடும்புக்குள் இருக்கிற சிவப்பு

மாடு கன்று போட்டால் முதல் சில நாள் வருகிற மஞ்சள் நிறத் தடிப்புப் பாலை நாங்கள் கடும்பு என்கிறோம். தமிழ்நாட்டில் சீம்பால் என்பார்கள். சீனியோ சர்க்கரையோ போட்டுக் காய்ச்சி அயலட்டைக்கும் குடுக்கிற வழக்கம் எங்கட பக்கம் இருக்கிறது. அதே மஞ்சள் பால் ஒரு தாய்க்கும் வருகிறது. ஆனால் தென்னாசியாவின் பல இடங்களில் அதைப் பழுதான பால், கனமான பால் என்று பீச்சி ஊற்றிவிட்டு, பிள்ளைக்குத் தேனோ சீனித்தண்ணியோ தொட்டு வைத்த காலம் நீண்டது. மாட்டின் கடும்புக்குக் கிடைத்த மரியாதை மனுசியின் கடும்புக்குக் கிடைக்கவில்லை.

1939இல் கொப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் (பியர்க் கொம்பனியின் ஆய்வுகூடம்தான், பிழையாக வாசிக்கவில்லை) பசுப்பாலின் ஊறலில் ஒரு சிவப்புப் புரதம் அடையாளம் காணப்பட்டது. 1960இல் அதைத் தாய்ப்பாலில் இருந்து சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். லக்டோபெரின் என்று பெயர் நின்றது. லக்டோ என்றால் பால், பெரம் என்றால் இரும்பு. இரும்பைப் பிடித்து வைத்திருக்கிறதால்தான் அதற்கு அந்தச் சிவப்பு. தாயின் கடும்புப்பாலில் லீற்றருக்கு 5 கிராமுக்கு மேல் இருக்கும். நாள் போகப் போகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. வழமையான பசுப்பாலில் அதன் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இது செய்கிற முதல் வேலை விளங்கிக்கொள்ள லேசானது. பெரும்பாலான பற்றீரியாக்கள் பெருக இரும்பு வேண்டும். ஒரு லக்டோபெரின் மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளையின் குடலுக்குள் கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காது. இதில் மூளை எங்கே வருகிறது? மாதம் நிரம்பாமல் அல்லது நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்குக் கடும் தொற்று வந்தால் அழற்சி உடம்பு முழுக்கப் போகிறது. அந்தக் கிழமைகளில்தான் மூளையின் நரம்பிழைகளுக்கு மேலே உறை போடுகிற வேலையும் நடக்கிறது. அழற்சி அந்த வேலையைக் குழப்புகிறது. தொற்றைத் தடுக்கிற எதுவும் சுற்றுவழியால் மூளையையும் காக்கிறது.

நேர்வழியும் இருக்கலாம் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. 2014இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள், கருப்பையில் வளர்ச்சி குன்றிய எலிக்குட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். தாய் எலிக்கு லக்டோபெரின் குடுத்தபோது குட்டிகளின் மூளை சாதாரண நிலைக்குக் கிட்ட வந்தது. அடுத்த ஆண்டு பன்றிக்குட்டிகளில் செய்த ஆய்வில் கற்றலும் நினைவும் கூடியதாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் உற்சாகப்பட்டு நிற்காமல் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். பசுப்பாலில் இருந்து எடுத்த லக்டோபெரினைத் தூளாக, மாதம் நிரம்பாமல் பிறந்த 2,203 பிள்ளைகளை வைத்து பிரித்தானியாவில் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்குப் புரதம், பாதிப் பேருக்கு வெறும் சீனித்தூள். 2019இல் முடிவு வந்தது. தொற்று குறையவில்லை. தனியாக எடுத்துக் குடுத்தபோது, எதிர்பார்த்த வேலையை அது செய்யவில்லை.

ஆனால் முழுப்பாலை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்று வேறு விதமாகச் சொன்னது. 1996, 1997 ஆண்டுகளில் பெலரூஸ் நாட்டின் 31 ஆஸ்பத்திரிகளில் பிறந்த 17,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்தார்கள். சில ஆஸ்பத்திரிகளில் பாலூட்டலுக்குக் கூடுதல் உதவி குடுக்கப்பட்டது, மற்றவற்றில் வழமைபோல விட்டார்கள். ஆறரை வயதில், உதவி கிடைத்த பக்கத்துப் பிள்ளைகள் சொல்லாற்றல் சோதனைகளில் சராசரியாக 7 புள்ளி அளவு முன்னுக்கு நின்றார்கள். பதின்ம வயதில் அந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிட்டது என்பதையும் அதே ஆய்வுக்குழு எழுதியிருக்கிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் கவனியுங்கள், அங்கே குடுக்கப்பட்டது புரதம் இல்லை, தாய்க்கு உதவி.

மலாயாவில் ஒரு மத்தியானம்

யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளின் கதை தெரிந்தவைக்கு மலாயன் பென்சன்காரரைத் தெரியும். பிரித்தானியர் காலத்தில் எங்கட பக்கத்து இளந்தாரிகள் கிளாக்கர்களாகவும் ரெயில்வே உத்தியோகத்தராகவும் மலாயா, சிங்கப்பூர் என்று போனார்கள். காசு ஊருக்கு வந்தது. பழக்கவழக்கமும் வந்தது. அந்தக் காலத்து மலாயாவில் வெள்ளைக்காரன் சாமான் என்றால் நாகரிகம். அதில் ஒன்று ரின்பால்.

ரின்பால் அப்போதே பழைய சரக்கு. அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856இல் காப்புரிமை எடுத்தார். சுவிற்சர்லாந்தில் 1866இல் ஆங்கிலோ சுவிஸ் கொம்பனி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஹென்றி நெஸ்லே பிள்ளைகளுக்கான மாவை விற்கத் தொடங்கினார். இரண்டு கொம்பனியும் 1905இல் ஒன்றாகின. 1906இல் நெஸ்லே இலங்கைக்கும் வந்துவிட்டது. ஐரோப்பாவில் தாயில்லாத பிள்ளைக்கு உதவிக்கு என்று தொடங்கிய பண்டம், நாற்பது வருசத்துக்குள் தாய் இருக்கிற வீட்டுக் கதவையும் தட்டியது.

மலாயாவில் அது உண்மையாகவே கதவைத் தட்டியது. தாதிமார் மாதிரி வெள்ளை உடுத்த விற்பனைப் பெண்கள் ஏழைகளின் குடியிருப்புகளுக்குப் போய், புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களிடம் இனிப்பு ரின்பாலைக் குடுத்தார்கள். உங்கட பாலைவிட இது நல்லது என்றார்கள். இதைக் கண்டு கொதித்தவர் டொக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜமேக்காவில் பிறந்தவர், ஒக்ஸ்பேர்டில் மருத்துவம் படித்தவர். மலாயாவுக்கு வரமுதல் இன்றைய கானாவில் வேலை செய்தார். வயிறு வீங்கி, மயிர் நிறம் மாறி, சோர்ந்து கிடக்கிற பிள்ளைகளை அங்கே கண்டார். அது புரதக் குறைபாட்டோடு வருகிற நோய் என்று எழுதியவர் அவர்தான். அந்த நோய்க்கு அவர் வெள்ளைக்காரப் பெயர் தேடவில்லை. அங்கத்தைத் தாய்மார் சொல்லிவந்த குவாஷியோர்கர் என்ற சொல்லையே 1935இல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த பிள்ளை வந்ததும் பால் மறக்கடிக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வருகிற வருத்தம் என்று அந்தத் தாய்மார் முதலே கண்டு வைத்திருந்தார்கள்.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் அவர் பேசிய பேச்சின் தலைப்பு “பாலும் கொலையும்”. பிள்ளைகளுக்குப் பொருத்தமில்லாத பாலைப் பொய் சொல்லி விற்கிறதைத் தண்டனைக்குரிய குற்றமாகப் பார்க்க வேண்டும், அதனால் வருகிற சாவுகளைக் கொலையாகவே கணக்கெடுக்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். வியாபாரிகள் நிறைந்த கூட்டத்தில் இப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும்.

இரண்டரை வருசத்தில் ஜப்பான் வந்தது. வில்லியம்ஸ் சாங்கி சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். சோறு போதாத அந்த முகாமில் 20 பிள்ளைகள் பிறந்தன, 20 பிள்ளைகளும் தாய்ப்பால் குடித்தன, 20 பிள்ளைகளும் தப்பின என்று பிறகு சொல்லியிருக்கிறார். பணக்கார சிங்கப்பூரில் ரின்பால் குடித்துச் செத்த பிள்ளைகளையும், பட்டினி முகாமில் தப்பின பிள்ளைகளையும் ஒரே ஆள் ஒரே ஊரில் கண்டிருக்கிறார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் தாய் சேய் நலப் பிரிவைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டதும் அவரைத்தான்.

மானிப்பாயில் இருந்து மிஸ்ஸி வரை

எங்கட பக்கத்தில் தாயையும் சேயையும் பற்றிய நவீன மருத்துவம் இன்னும் முன்னமே தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்தார், மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார், ஒரு கட்டத்தில் தமிழிலேயே படிப்பித்தார். அவருடைய முயற்சியில் மோன்செல் என்பவரின் மகப்பேற்று நூல் “பிரசவ வைத்தியம்” என்ற பெயரில் 1857இல் தமிழில் வந்தது. யோசித்துப் பாருங்கள், இலங்கை முழுக்க ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லாத காலம். பிறகு இரசாயனத்துக்கு “கெமிஸ்தம்” என்று ஒரு புத்தகம் வந்தது. கிறீன் இருந்திருந்தால் லக்டோபெரினுக்கும் ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருப்பார்.

1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே மக்லியோட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மேரி, மார்கரெட் லீச் என்ற இரண்டு சகோதரிகள் வெளிநாடுகளில் திரட்டிய காசு அது. டொக்டர் இசபெல்லா கேர் நீண்டகாலம் பொறுப்பாக இருந்தார். ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய பெண்களுக்குப் பெண் வைத்தியர் என்பதே அப்போது பெரிய விசயம். 1913இல் மருதனார்மடத்தில் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி தொடங்கினார். மிஷனுக்குப் போட்டியாக வந்தது என்று அரசியலாகவும் வாசிக்கலாம். ஆனால் பாலின் வரலாற்றில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன. வாசிக்கத் தெரிந்த தாயின் பிள்ளை தப்புகிற வாய்ப்புக் கூட என்பதை உலகம் முழுக்கக் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இலங்கையை அதற்கு உதாரணமாகக் காட்டாத புத்தகம் குறைவு.

அரசு பிறகுதான் வந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரர் வரும்வரை காத்திருக்காமல் சுகாதாரம் வீடு தேடிப் போகிற முறை அது. அப்போதைய நிலைமை விளங்க ஒரு எண் போதும். மலேரியா நாட்டை உலுக்கிய 1935இல், உயிரோடு பிறந்த 1,000 பிள்ளைகளில் 263 பேர் ஒரு வயது காணவில்லை. இன்றைக்கு அந்த எண் 10க்கும் குறைவு.

அந்த இறக்கத்துக்குக் கனக்கக் காரணம் உண்டு. மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி, இலவச வைத்தியம், தடுப்பூசி. அதில் ஒன்று, அதிகம் எழுதப்படாதது, குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிஸ்ஸி என்கிறோமே, அவர்தான். பிள்ளை பிறந்த வீட்டுப் படலையைத் திறந்து வந்து, தொப்புள் பார்த்து, நிறை நிறுத்து, பால் வருகுதா, எப்படிப் பிடிக்கிறீர் பிள்ளை, இப்படிப் பிடியும் என்று காட்டிவிட்டுப் போகிறவர். பெலரூஸில் ஆய்வுக்காகக் குடுத்த உதவியை இலங்கையில் சம்பளத்துக்கு ஆள் வைத்து வீட்டு வாசலிலேயே குடுத்தார்கள்.

இதற்கு மேல் ஒரு சட்டப் பாதுகாப்பும் வேண்டியிருந்தது. 1974இல் லண்டனில் ஒரு சிறு அறிக்கை பிள்ளைப்பால்மாக் கொம்பனிகளை நேரே குற்றம் சாட்டியது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்புத் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றீடானவற்றைச் சந்தைப்படுத்துவது பற்றிய சர்வதேச நெறிக்கோவையை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரவு, எதிர்த்து ஒரே ஒரு வாக்கு, அது அமெரிக்கா. இலங்கை அதே ஆண்டில் தன் நெறிக்கோவையை ஏற்று, 1983இல் சட்ட பலம் குடுத்தது. பிள்ளைப்பால்மாவுக்கு விளம்பரம் இல்லை, ஆஸ்பத்திரியில் இலவச ரின் இல்லை, கொழுத்த பிள்ளைப் படம் இல்லை. 2016 கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். 2020இல் பாலூட்டும் தாய்மாருக்கான ஆதரவை மதிப்பிடுகிற உலகப் பட்டியலில் முதல் பச்சை நிற நாடாக இலங்கை வந்தது. இந்த நாட்டைப் பற்றி எங்களுக்கு எத்தனையோ முறைப்பாடு. இது ஒன்று நல்லாய்ச் செய்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

செம்மண்ணும் சூப்பிப்போத்தலும்

மருதனார்மடம் சந்தைக்கு விடியக்காலமை போனால் வலிகாமத்துச் செம்மண் என்ன தரும் என்று கண்ணால் காணலாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, கத்தரி, வாழைக்குலை. அந்த விளைச்சலுக்குப் பின்னால் பல பத்தாண்டு யூரியாவும் இருக்கிறது. மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். தண்ணி வேகமாக இறங்கும், தன்னோடு பசளையையும் மலசலகூடக் குழிக் கழிவையும் கொண்டு இறங்கும். வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் வந்த பிரச்சினை வேறு. அது மணத்தது, அதனால் ஊர் எழும்பியது. நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

வளர்ந்தவர் குடித்தால் உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அப்படி இல்லை. அதன் வயிற்றுக்குள் நைத்திரேற்று வேறொன்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற வேலையைக் கெடுக்கும். பிள்ளை நீலம் பாயும். மூளைக்கு ஒட்சிசன் குறையும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கோம்லி என்ற டொக்டர் 1945இல் இதை எழுதினார். அவர் கண்ட பிள்ளைகள் தோட்டக் கிணற்றுத் தண்ணியில் கரைத்த போத்தல்பால் குடித்தவை.

எங்கட அம்மம்மாமார் எல்லாத்துக்கும் சொல்லுகிற பரிகாரம் “தண்ணியைக் கொதிக்க வையுங்கோ” என்பது. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் செறிவு இன்னும் கூடும். ஆனால் தாய் அந்தத் தண்ணியைக் குடித்தாலும் அவளுடைய பாலுக்குள் நைத்திரேற்று மிகச் சொற்பமாகத்தான் வருகிறது. இந்தக் கிணறுகளுக்கும் பிள்ளையின் மூளைக்கும் நடுவில் தாயின் உடம்பே ஒரு வடியாக நிற்கிறது. சுவிற்சர்லாந்தின் மலைத் தண்ணியை நினைத்துச் செய்த பால்மா, வலிகாமத்துக் கிணற்றில் கரையும்போது அதே பால்மா இல்லை.

ஏப்ரல் 8

இதுவரை வாசித்தவர்கள் கதை நேர்கோட்டில் போகிறதென்று நினைக்கலாம். தாய்ப்பால் நல்லது, பால்மா கூடாது, சட்டம் வந்தது, வென்றோம். எங்கட வரலாறு அவ்வளவு லேசானதில்லை.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையை எங்கட அம்மா அப்பாமாரிடம் கேட்டிருப்பீர்கள். அந்த நாளில் ஒரு சூப்பிப்போத்தலை நாளுக்கு ஆறேழு தரம் அவித்தெடுக்க எவ்வளவு விறகு வேண்டும் என்று ஆரும் கேட்டு எழுதினதாகத் தெரியவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கைப்பிள்ளையோடு நடந்த தாய்மார் எத்தனை பேர்? அந்த இரவில் தண்ணியோ நெருப்போ போத்தலோ தேவைப்படாத ஒரே சாப்பாடு தாயிடம் இருந்தது. ஆனால் அதற்குத் தாய் சாப்பிட்டிருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும்.

2009இல் வன்னியில் அந்த இரண்டும் உறுதியில்லாமல் போனது. பட்டினியிலும் காயத்திலும் கிடந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பால்மாதான் உயிர். ஏப்ரல் 8ஆம் திகதி, அம்பலவன்பொக்கணையில் சுகாதாரப் பகுதியினர் பால்மா குடுக்கிறார்கள் என்று பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைக்கு மேல் ஷெல் விழுந்தது. செத்த தாய்மார் சிலரின் கைகளில் பிள்ளைக்குப் பால்மா எடுக்கிற அட்டை அப்படியே இருந்ததாக ஐநா செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

சிசிலி வில்லியம்ஸின் பேச்சை வாசித்துவிட்டு பால்மாவைக் கொலைப் பொருள் என்று ஒரு தரமும், அம்பலவன்பொக்கணையை வாசித்துவிட்டு உயிர்ப்பொருள் என்று இன்னொரு தரமும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் உண்மை. பாலூட்ட முடிகிற தாயைப் பொய் சொல்லித் தடுக்கிறது குற்றம். பாலூட்ட முடியாத தாயின் பிள்ளைக்குப் பால்மா கிடைக்காமல் செய்கிறது அதைவிடப் பெரிய குற்றம். இதை விளங்காமல், பால் வராத அக்காமாரைப் பார்த்து “நீ முயற்சி செய்யேல்லை” என்று சொல்லுகிற ஆக்களும் எங்களுக்குள் இருக்கினம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ரின்னுக்குள் திரும்பி வந்த புரதம்

இப்ப 1939இன் சிவப்புப் புரதத்திடம் திரும்பி வருவோம். அது இன்றைக்கு விற்பனைக்கு இருக்கிறது. ஜப்பானின் மொரினாகா கொம்பனி 1986இலேயே லக்டோபெரின் சேர்த்த பிள்ளைப்பால்மாவை விட்டது. அதே கொம்பனிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1955இல் அதன் தொழிற்சாலை ஒன்றில் மட்டமான இரசாயனத்தோடு பால்மாவுக்குள் ஆசனிக்கு நஞ்சு கலந்து, மேற்கு ஜப்பானில் 12,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். 100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மிச்சப் பிள்ளைகள் சுகமாகிவிட்டார்கள் என்று அதிகாரிகள் கோப்பை மூடினார்கள். 14 வருசத்துக்குப் பிறகு, ஒசாக்காவில் ஒரு பேராசிரியரும் பாடசாலைத் தாதிமாரும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோதுதான் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு மூளை பாதிக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அங்கேயும் உண்மையைக் கண்டுபிடித்தது வீடு தேடிப் போன ஆக்கள்தான்.

லக்டோபெரின் சேர்த்த ரின் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பால்மா தேவைப்படுகிற பிள்ளைக்கு நல்ல பால்மா வேண்டும். ஆனால் “மூளை வளர்ச்சிக்கு” என்று ரின்னில் ஒரு வரி ஏறும்போது அதற்குப் பின்னால் நிற்கிறது எலியா, பன்றிக்குட்டியா, 2,203 பிள்ளைகளா என்று கேட்க எங்களுக்குத் தெரிய வேண்டும். சட்டம் சின்னப் பிள்ளைக்கான விளம்பரத்தைத் தடுக்கிற நாடுகளில், “ஒரு வயதுக்கு மேல்” என்ற சொல்லோடு அதே பெயர், அதே நிற ரின் தொலைக்காட்சிக்கு வருகிறது. 2022 மார்ச்சில் ஒரு கிலோ இறக்குமதிப் பால்மா 1,945 ரூபாவுக்குப் போனபோது கடைக்கு முன்னால் வரிசையில் நின்ற கனபேருக்கு, அந்தப் பெயர்கள் பாலுக்கு மறுபெயராகவே ஆகிவிட்டிருந்தன.

கடைசியாக 1939இன் மூன்றாவது விசயம். அரசாங்க சபை நிறைவேற்றிய அந்தப் பிரசவ நன்மைகள் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பல தரம் திருத்தப்பட்டு, 2018இல் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் சம்பளத்தோடு லீவு என்று வந்து நிற்கிறது. அரசாங்க உத்தியோகம் என்றால் அதற்கு மேல் அரைச் சம்பளத்திலும் சம்பளம் இல்லாமலும் இன்னும் எடுக்கலாம். தனியார் வேலையில் 84தான், அதுவும் பிரசவத்துக்கு முன்னுக்கு எடுக்கிற நாளும் சேர்த்து.

கிளினிக்கில் மிஸ்ஸி சொல்லுகிறது ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் என்றால் கிட்டத்தட்ட 180 நாள். சட்டம் தருவது 84. காங்கேசன்துறை வீதிப் புடவைக்கடையில், பாமசியில், அல்லது வன்னியில் ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிற ஒரு அக்கா, மிச்ச 96 நாளுக்கு என்ன செய்யலாம்? வேலையை விடலாம், அல்லது ரின் வாங்கலாம். கடை முதலாளியிடம் கேட்டுப் பால் பீச்ச ஒரு மறைவான இடம் எடுக்கலாம் என்று சட்டப் புத்தகத்தை வைத்துச் சொல்லலாம். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தால் பாலூட்ட இடைவேளை குடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த இடைவேளையைக் கேட்டு எடுத்த ஒருவரை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

கொப்பன்ஹேகன் காட்டிய புரதத்தை ஆய்வுகூடங்கள் இன்னும் அளந்துகொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் பேசிய பேச்சு 42 வருசம் கழித்து ஒரு நெறிக்கோவையாக வந்தது. கொழும்பில் எழுதின சட்டம் மட்டும் இன்னும் 96 நாள் குறைவாக நிற்கிறது. எங்கட வகுப்பில் இருக்கிற பெண்பிள்ளைகளில் பாதிப் பேராவது இன்னும் சில வருசத்தில் இப்படி ஒரு கடையிலோ காரியாலயத்திலோ சம்பளத்துக்கு நிற்கப்போகினம். வேலைக்குச் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற அதே வாயால், பிரசவ லீவு எத்தனை நாள், பாலூட்டல் இடைவேளை எப்போது என்றும் கேளுங்கள். ஆண்பிள்ளைகளும் கேளுங்கள். நாளைக்கு முதலாளியாக இருக்கப்போகிறவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள்.